கடைசி கமிட் தேதி சொல்லாதவை

நாகர்கோவில், தக்கலை, மார்த்தாண்டம் பக்கம் ரப்பர் கடைக்கும் மருந்துக்கடைக்கும் பாத்திரக்கடைக்கும் பில்லிங் மென்பொருள் எழுதிக் கொடுக்கிற சிறு குழுக்களில் ஒரு பழக்கம் ஊறிப்போயிருக்கிறது. புதிதாக ஒரு லைப்ரரி (பிறர் எழுதிவைத்த, எடுத்துப் பயன்படுத்தும் நிரல் தொகுப்பு) வேண்டுமென்றால், நிரல்களைச் சேமித்துப் பகிரும் தளமான கிட்ஹப்பைத் திறப்பார்கள், கடைசி கமிட், அதாவது நிரலில் பதிவான கடைசி மாற்றம், எப்போது என்று பார்ப்பார்கள். மூன்று நாள் முன்பு என்றால் எடுத்துக்கொள்வார்கள். மூன்று வருடம் முன்பு என்றால் செத்துப்போன புராஜெக்ட் என்று அடுத்ததைத் தேடுவார்கள். தங்கள் சொந்த மென்பொருளுக்கும் இதே அளவுகோல்தான். மென்பொருளோடு வரும் அறிமுகக் குறிப்பான ரீட்மீயின் தலைப்பில் ‘ஆக்டிவ்லி மெயின்டெய்ன்ட்’ (தொடர்ந்து பராமரிக்கப்படுகிறது) என்று பச்சை நிறத்தில் ஒரு பேட்ஜ் இருக்கும். அதை வைத்தவர் வேலை மாறி ஊரை விட்டுப் போன பிறகும் அது பச்சையாகவே இருக்கும், ஏனென்றால் அதை மாற்ற வேண்டியவரும் அவர்தான்.

இது வெகுநாளாக உறுத்துகிறது. மென்பொருளை வாங்கிய கடைக்காரர் கமிட்டைப் பற்றிக் கேட்பதில்லை. “மக்கா, நாளைக்கு இது நின்னு போனா யாருட்ட கேக்கது?” என்றுதான் கேட்பார். பராமரிப்பு நிலை என்று நாம் எழுதும் எதுவும் இந்தக் கேள்விக்குப் பதில் சொல்ல வேண்டும். யார் பார்ப்பார்கள், எதைப் பார்ப்பார்கள், எத்தனை நாளில், எந்தத் தேதி வரை. பெரும்பாலான ரீட்மீக்களில் இந்த நான்கில் ஒன்றுகூட இருப்பதில்லை.

தேதி இரண்டு பக்கமும் ஏமாற்றும். டொனால்ட் குனூத் எழுதிய டெக் என்ற அச்சுக்கோப்பு மென்பொருளின் பதிப்பு எண் ஒவ்வொரு திருத்தத்திலும் பை எண்ணை நோக்கி ஓர் இலக்கம் நகரும். 2014-இல் ஒரு திருத்தம், அடுத்தது 2021-இல் 3.141592653. இடையில் ஏழு ஆண்டுகள். அதற்காக டெக் கைவிடப்பட்டது என்று யாரும் சொன்னதில்லை. வரும் பிழை அறிக்கைகளைச் சேர்த்து வைத்து, முன்கூட்டியே சொன்ன ஆண்டில் ஒட்டுமொத்தமாகப் பார்ப்பது அங்கே நடைமுறை. அடுத்த முறை 2029. நமக்கு இன்னும் பக்கத்தில் ஓர் உதாரணம் உண்டு. லினக்ஸில் தமிழ்99 விசைப்பலகை முறையில் தட்டச்சு செய்கிறவர்கள் பலர் எம்17என் என்ற பன்மொழி உள்ளீட்டுத் தொகுப்பில் உள்ள விசை அட்டவணையைத்தான் பயன்படுத்துகிறார்கள். எந்த விசைக்கு எந்த எழுத்து என்பது 1999-இலேயே முடிவாகிவிட்டது. அந்தக் கோப்பைப் பத்து ஆண்டு யாரும் தொடாமல் இருந்தால் அது சரியாக இருக்கிறது என்றுதான் பொருள். ஆனால் அந்த அட்டவணையைச் சுமந்துவரும் ஐபஸ் என்ற உள்ளீட்டு மென்பொருள், அதற்குக் கீழே எக்ஸ்11 என்ற பழைய திரை அமைப்பிலிருந்து வேலேண்ட் என்ற புதியதற்கு நகரும் டெஸ்க்டாப், இவை மாறிக்கொண்டே இருக்கின்றன. அங்கே கைவிட்டால் தட்டச்சே நின்றுவிடும். ஒரே வசதியில் ஒரு பகுதிக்கு அசையாமல் இருப்பது ஆரோக்கியம், இன்னொரு பகுதிக்கு அதுவே நோய்.

மறுபக்கம், கமிட் வந்துகொண்டே இருந்தும் ஆளில்லாத புராஜெக்ட்கள். டிபெண்டாபாட் என்ற தானியங்கி, புராஜெக்ட் சார்ந்திருக்கும் லைப்ரரிகளின் பதிப்பு எண்ணை வாரம் தவறாமல் உயர்த்தி புல் ரிக்வெஸ்ட் (மாற்றத்தைச் சேர்க்கச் சொல்லும் கோரிக்கை) அனுப்பும். அது தானாக மெர்ஜ் ஆகும்படி (நிரலில் சேரும்படி) அமைத்திருந்தால் மனிதர் யாரும் பார்க்காமலே வரலாறு நீளும். இன்னொன்று பலருக்குத் தெரியாது. பொது ரெப்போவில் (எல்லோரும் பார்க்கக்கூடிய நிரல் கிடங்கில்) 60 நாள் எந்த நடமாட்டமும் இல்லையென்றால், நேரம் குறித்து ஓடும் ஆக்‌ஷன்ஸ் வேலைகளை கிட்ஹப் நிறுத்திவிடும். அதைத் தவிர்க்கச் சிலர் மாதம் ஒரு வெற்று கமிட் போடும் ஸ்கிரிப்ட் வைத்திருக்கிறார்கள். அவர்கள் நோக்கத்தில் தவறில்லை, இரவு பேக்கப் ஓட வேண்டும், அவ்வளவுதான். தேதியை மட்டும் பார்த்து முடிவெடுக்கிறவர்தான் ஏமாறுவார்.

ஓப்பன்எஸ்எஸ்எஃப் ஸ்கோர்கார்டு என்ற கருவியும் ‘மெயின்டெய்ன்ட்’ என்று ஒரு மதிப்பெண் தருகிறது. முந்தைய 90 நாளில் வாரத்துக்கு ஒரு கமிட்டாவது இருந்தால் முழு மதிப்பெண். உரிமை உள்ளவர்கள் இஷ்யூக்களில் (பயனர்கள் பதியும் புகார்களில்) பதில் எழுதியிருந்தால் ஓரளவு மதிப்பெண். ஆர்க்கைவ் செய்திருந்தால் (படிக்க மட்டும் என்று பூட்டியிருந்தால்) பூஜ்யம். ஆயிரம் லைப்ரரிகளை ஒரே நேரத்தில் சலிக்க இது உதவும். ஒன்றை நம்பி ஒரு கடையின் கணக்கை ஒப்படைக்க இது போதாது.

லேபிள்கள்

நிலையைச் சொல்லப் பல லேபிள் முறைகள் ஏற்கெனவே இருக்கின்றன. ரெப்போஸ்டேட்டஸ் என்ற முறையில் எட்டு நிலைகள்: கான்செப்ட், டபிள்யூஐபி, சஸ்பென்டட், அபாண்டன்ட், ஆக்டிவ், இன்ஆக்டிவ், அன்சப்போர்ட்டட், மூவ்ட். இதன் சிறப்பு, பயன்படுத்தத்தக்க ஒரு வெளியீடு வந்ததா என்பதை ஒரு கோடாகவும் வேலை தொடர்கிறதா என்பதை இன்னொரு கோடாகவும் பிரித்துப் பார்ப்பது. வெளியீடே வராமல் கைவிட்டது ‘அபாண்டன்ட்’. நன்றாக ஓடும் பதிப்பு வந்த பிறகு விட்டது ‘அன்சப்போர்ட்டட்’. இந்த வேறுபாடு பயன்படுத்துகிறவருக்கு மிக முக்கியம், ஏனென்றால் இரண்டாவதை அவர் இன்றும் ஓட்டலாம். நம் பொறியியல் கல்லூரிகளில் இறுதியாண்டு மாணவர்கள் ஏற்றிவைக்கும் புராஜெக்ட்களில் பெரும்பான்மைக்கு ‘கான்செப்ட்’ (யோசனை அல்லது மாதிரி அளவில் மட்டும் உள்ளது) என்பதே நேர்மையான லேபிள். அதில் இழிவு எதுவும் இல்லை. அதைப் போடாமல் விடும்போதுதான், வருகைப்பதிவு மென்பொருள் தேடும் ஒரு பள்ளி அதை எடுத்து நிறுவிவிட்டு, மாணவர்களின் விவரங்களைப் பாதுகாப்பில்லாத ஒரு டேட்டாபேஸில் வைக்கிறது.

பைத்தான் நிரல்மொழி உலகில் ஏழு படிகள் உண்டு, ‘1 - பிளானிங்’ தொடங்கி ‘7 - இன்ஆக்டிவ்’ வரை. இதில் ஓர் உள்கோளாறு இருக்கிறது. இந்த லேபிள் பேக்கேஜின் ஒவ்வொரு வெளியீட்டோடும் சேர்ந்து போகிறது, ஏற்றிய பிறகு மாற்ற முடியாது. ஆகவே ‘5 - புரொடக்‌ஷன்/ஸ்டேபிள்’ என்று கடைசி வெளியீட்டில் எழுதிவிட்டுப் போனவர், தான் போய்விட்டதைச் சொல்ல இன்னொரு வெளியீடு கொண்டுவர வேண்டும். போனவர் அதற்காகத் திரும்பி வருவதில்லை. 2025 ஜனவரியில், பைத்தான் பேக்கேஜ்களை வெளியிடும் பைபிஐ தளமே புராஜெக்ட்டை ஆர்க்கைவ் செய்யும் வசதியைக் கொண்டுவந்தது இந்த ஓட்டையை ஓரளவு அடைக்கிறது.

எனக்கு எல்லாவற்றையும்விடப் பிடித்தது லினக்ஸ் கெர்னலில் உள்ள ‘மெயின்டெய்னர்ஸ்’ என்ற பழைய உரைக் கோப்பு. ஒவ்வொரு பகுதிக்கும் ஒரு பெயர், ஒரு மின்னஞ்சல், ஒரு நிலை. ‘சப்போர்ட்டட்’ என்றால் இதைப் பார்த்துக்கொள்ள ஒருவருக்குச் சம்பளம் கிடைக்கிறது. ‘மெயின்டெய்ன்ட்’ என்றால் ஒருவர் உண்மையாகவே பார்த்துக்கொள்கிறார். ‘ஆட் ஃபிக்ஸஸ்’ (Odd Fixes, எப்போதாவது திருத்தம்) என்றால் ஆள் இருக்கிறார், அவ்வப்போது ஒரு திருத்தம் சேர்ப்பதற்கு மேல் அவருக்கு நேரமில்லை. ‘ஆர்ஃபன்’ என்றால் ஆளில்லை. ‘அப்சலீட்’ என்றால் வேறொன்று இதன் இடத்தைப் பிடித்துவிட்டது. ஐந்தில் நான்கு மென்பொருளைப் பற்றியே பேசுவதில்லை, மனிதரைப் பற்றிப் பேசுகின்றன. அவருக்குச் சம்பளம் உண்டா, நேரம் உண்டா, அவர் இருக்கிறாரா. கடைக்காரர் கேட்ட கேள்விக்கு மிக அருகில் வரும் பதில் இதுதான். ‘ஆட் ஃபிக்ஸஸ்’ என்று தயங்காமல் எழுதும் பழக்கம் நம் குழுக்களுக்கும் வந்தால் பாதிச் சிக்கல் தீரும்.

எக்ஸ்இசட் சொன்னது

கமிட் எண்ணிக்கையைப் பராமரிப்பின் அளவாக எடுப்பது எவ்வளவு ஆபத்து என்பதை எக்ஸ்இசட் விவகாரத்தைவிடத் தெளிவாக எதுவும் காட்டியதில்லை. எக்ஸ்இசட் ஒரு சுருக்கும் கருவி. ஏறக்குறைய எல்லா லினக்ஸ் கணினியிலும் அது இருக்கும். பல ஆண்டுகளாக லாஸ்ஸே காலின் என்ற ஒருவர் ஓய்வு நேரத்தில் பார்த்துக்கொண்டிருந்தார். 2022-இல் அஞ்சல் குழுவில் சில பெயர்களிலிருந்து நெருக்கடி தொடங்கியது. வேலை நகரவில்லை, வேறு பராமரிப்பாளர் வேண்டும் என்று திரும்பத் திரும்ப எழுதினார்கள். தனக்கு நெடுநாளாக மனநலச் சிக்கல் இருக்கிறது, இது சம்பளமில்லாத பொழுதுபோக்குப் புராஜெக்ட் என்று அவர் வெளிப்படையாகவே பதில் எழுதினார். அதே காலத்தில் ‘ஜியா டான்’ என்ற பெயரில் ஒருவர் பொறுமையாக, தரமான திருத்தங்களை அனுப்பிக்கொண்டிருந்தார். மெல்ல அவருக்குக் கமிட் உரிமை வந்தது, பிறகு வெளியீடுகளும் அவர் கைக்குப் போயின.

வெளியிலிருந்து பார்த்தால் 2023-இல் எக்ஸ்இசட் நலம் பெற்றுவிட்டது. தொடர்ந்து கமிட், இஷ்யூக்களுக்குப் பதில், ஒருவர் இருந்த இடத்தில் இருவர். மேலே சொன்ன 90 நாள் கணக்கை யாராவது எடுத்திருந்தால் முன்பைவிட நல்ல மதிப்பெண்தான் கிடைத்திருக்கும். 2024 பிப்ரவரியில் 5.6.0, மார்ச்சில் 5.6.1 வெளிவந்தன. இரண்டிலும் பின்கதவு, அதாவது வெளியாள் ரகசியமாக உள்ளே நுழைய ஒரு வழி. அதை வைத்த விதத்தைப் பாருங்கள். தீங்கான பொருள் சோதனைக்கான சுருக்கக் கோப்புகள் என்ற பெயரில் ரெப்போவில் கிடந்தது. அதைப் பிரித்தெடுத்து இணைக்கும் எம்4 ஸ்கிரிப்ட் வரிகள், கமிட்கள் பதிவாகும் கிட் வரலாற்றில் இல்லை. வெளியீட்டுக்காகக் கட்டிய டார்பாலில் (நிரல் பொதியில்) மட்டும் சேர்க்கப்பட்டிருந்தன. கமிட்களை ஒவ்வொன்றாகப் படித்தவருக்கும் முழுப் படம் கிடைத்திருக்காது. ஆண்ட்ரெஸ் ஃபிராய்ண்ட் என்ற போஸ்ட்கிரெஸ் டேட்டாபேஸ் நிரலாளர் தன் அளவீட்டு வேலையின் நடுவே எஸ்எஸ்எச் வழியான தொலை உள்நுழைவு சுமார் அரை விநாடி கூடுதலாக எடுப்பதையும் வால்கிரைண்ட் என்ற சோதனைக் கருவி பிழை காட்டுவதையும் கவனித்து, துருவிப் போய், 2024 மார்ச் 29 அன்று வெளியிட்டார். பாதுகாப்புக் குறைகளின் பொதுப் பட்டியலில் சிவிஇ-2024-3094 என்று பதிவானது அது.

எக்ஸ்இசட்டின் உண்மையான நிலையை 2022-இலேயே ஒருவர் சொல்லிவிட்டார்: நான் ஒருவன், களைத்திருக்கிறேன், சம்பளம் இல்லை. மிகத் துல்லியமான பராமரிப்பு அறிக்கை அது. அது ஓர் அஞ்சல் இழையின் நடுவில் கிடந்தது. அந்தக் கருவியை வைத்துப் பணம் சம்பாதித்த நிறுவனங்களின் கண்ணில் படும் இடத்தில் இல்லை. அவர் சொன்னது ரீட்மீயின் முதல் பத்தியில் ‘ஆட் ஃபிக்ஸஸ்’ என்ற இரண்டு சொல்லாக இருந்திருந்தால், விரட்டுகிறவர்களிடம் அதைக் காட்டியாவது நின்றிருக்கலாம். வேகம் குறைவு என்று வெட்கப்பட வைப்பதுதான் அங்கே ஆயுதமாக இருந்தது. நிலையை முன்கூட்டியே எழுதிவைப்பது பயன்படுத்துகிறவரைக் காப்பதைவிட அதிகமாகப் பராமரிப்பவரைக் காக்கிறது என்று நான் உறுதியாக நம்புவது இதனால்தான்.

எழுதும் விதம்

நன்றாக எழுதிய ஒன்று வேண்டுமென்றால் மொமென்ட் என்ற ஜாவாஸ்கிரிப்ட் தேதி லைப்ரரி 2020 செப்டம்பரில் வெளியிட்ட குறிப்பைப் படிக்கலாம். புதிய வசதி வராது, பதிப்பு 3 வராது, தெரிந்த பழைய பிழைகளைச் சரிசெய்யாமல் விடவும் கூடும். பாதுகாப்புக் குறை வந்தால் பார்ப்போம், நேர மண்டலத் தரவு மாறினால் அதையும் வெளியிடுவோம் என்று வரிசையாகச் சொன்னார்கள். புதிதாகத் தொடங்குகிறவர்கள் வேறு எதை எடுக்கலாம் என்றும் சொன்னார்கள். எதைச் செய்ய மாட்டோம் என்பது எதைச் செய்வோம் என்பதைவிட நீளம். அதுதான் சரி.

இதையே நம் பக்கத்து மென்பொருளுக்குப் பொருத்திப் பார்ப்போம். குலசேகரம் பக்கத்தில் ரப்பர் பால் எடுக்கும் கடைக்கான ஒரு செயலி. 40 கிலோ பால், டிஆர்சி (பாலில் உள்ள உலர் ரப்பரின் அளவு) 35 சதவீதம் என்றால் உலர் ரப்பர் 14 கிலோ. அதை அன்றைய விலையால் பெருக்கினால் கொடுக்க வேண்டிய பணம். மரத்திலும் சிரட்டையிலும் ஒட்டிக் காய்ந்த ஒட்டுபாலுக்குத் தனி விலை. இந்தக் கணக்கு எழுதி முடித்த அன்றே முடிந்தது, அதைத் தொட வேண்டியதில்லை. தொட வேண்டியவை வெளியுலகம் மாற்றும் பகுதிகள். 2025 செப்டம்பர் 22 முதல் ஜிஎஸ்டியில் பெரும்பாலான பொருட்களுக்கு 12, 28 சதவீத அடுக்குகள் போயின. ரப்பருக்கு இல்லாவிட்டாலும், அதே கடையில் விற்கும் மற்றச் சாமான்களுக்கு விகிதம் மாறியிருக்கும். அடுக்குகளை நிரலுக்குள்ளேயே எழுதிவைத்தவர்கள் அன்று தவித்தார்கள். பிளே ஸ்டோர் ஆண்டுதோறும் ஆகஸ்ட் இறுதியை ஒட்டிக் குறைந்தபட்ச டார்கெட் ஏபிஐ அளவை (செயலி எந்த ஆண்ட்ராய்டு பதிப்புக்காகக் கட்டப்பட்டது என்பதைச் சொல்லும் எண்ணை) உயர்த்துகிறது. பின்தங்கிய செயலி புது ஆண்ட்ராய்டு வைத்திருக்கும் புதியவர்களின் தேடலில் வராது. பில் பிரிண்டர் மாறும். ஆக, இந்தச் செயலியின் நிலைக்குறிப்பு இப்படி இருக்கலாம்:

“நிலை (2026 ஜனவரி 15 அன்று எழுதியது): கணக்குப் பகுதி முடிந்துவிட்டது, புதிய வசதி சேர்க்க மாட்டோம். வரி விகிதம், பிளே ஸ்டோர் விதி, பாதுகாப்புக் குறை ஆகிய மூன்றுக்கு மட்டும் 2026 டிசம்பர் 31 வரை புதிய பதிப்பு வரும். பாதுகாப்புக் குறைக்கு 7 நாளுக்குள் முதல் பதில், மற்றவைக்கு 30 நாள். 3.2-க்கு முந்தைய பதிப்புகளுக்குத் திருத்தம் கிடையாது. பார்த்துக்கொள்வது இருவர்: ஒருவர் சம்பளத்தில், ஒருவர் ஓய்வு நேரத்தில். இந்தக் குறிப்பை 2026 ஜூலையில் திருத்துவோம். ஜூலை தாண்டியும் இது மாறாமல் இருந்தால் பராமரிப்பு நின்றுவிட்டதாக எடுத்துக்கொள்ளுங்கள்.”

கடைசி இரண்டு வரிகள்தான் உயிர். எல்லா லேபிளுக்கும் உள்ள நோய், போனவர் வந்து மாற்றினால்தான் மாறும் என்பது. காலாவதித் தேதி போட்டால் அவர் வராததே செய்தியாகிவிடும். இது புதிய யோசனையும் அல்ல. பாதுகாப்புக் குறையை யாரிடம் சொல்வது என்று அறிவிக்கும் செக்யூரிட்டி.டெக்ஸ்ட் கோப்புக்கு 2022-இல் வந்த ஆர்எஃப்சி 9116, காலாவதித் தேதியைக் கட்டாயமாக்கியிருக்கிறது. ஓராண்டுக்குள் இருப்பது நல்லது என்றும் சொல்கிறது. அரசு மென்பொருள்களுக்கான பப்ளிக்கோட் கோப்பில், ஒப்பந்தத்தில் பராமரிப்பு என்று எழுதினால் ஒப்பந்ததாரர் பெயரோடு அது எந்தத் தேதி வரை என்றும் எழுத வேண்டும். நம் மாவட்டத்து விவசாயிக்கு இது இயல்பாகப் புரியும். பேச்சிப்பாறை அணையிலிருந்து வழக்கமாக ஜூன் 1-இல் தண்ணீர் திறந்து பிப்ரவரி கடைசியில் அடைப்பார்கள். ஏப்ரலில் கால்வாய் வறண்டு கிடந்தால் யாரும் பதறுவதில்லை. ஜூன் பாதி கடந்தும் வறண்டு கிடந்தால்தான் விசாரிப்பார்கள்.

நாட்களைப் போடும்போது கைக்கு எட்டியதைப் போடுங்கள். 24 மணி நேரத்தில் பதில் என்று எழுதிவிட்டுப் பத்து நாள் எடுப்பதைவிட 30 நாள் என்று எழுதி 20 நாளில் பதில் சொல்வது மேல். பதில் என்பது திருத்தம் என்றும் பொருளல்ல, பார்த்தேன், செய்வேன் அல்லது செய்ய மாட்டேன் என்ற ஒரு வரி போதும். பதில் சொல்ல ஆளில்லாமல் ஸ்டேல் பாட் என்ற தானியங்கியை மாட்டிவைத்து, 60 நாள் கழிந்ததும் இஷ்யூக்களைத் தானாக மூடுவது நல்லதல்ல. பட்டியல் சுத்தமாகத் தெரியும், பிழைகள் அப்படியே இருக்கும், அதைப் பொறுமையாக எழுதி அனுப்பியவர் இனி எழுத மாட்டார். பயனர்கள் கடைக்காரர்களாக இருந்தால் இந்தக் குறிப்பு ரீட்மீயில் மட்டும் இருந்து பயனில்லை. செயலியின் ‘பற்றி’ திரையில், தமிழில், அதே தேதிகளோடு வையுங்கள்.

பிறர் லைப்ரரியை எடுக்கும்போது குறிப்பு எதுவும் இல்லையென்றால் நாமே தோண்ட வேண்டும். யார் எத்தனை கமிட் போட்டார்கள் என்று காட்டும் கிட் ஷார்ட்லாக் கட்டளையை, மெர்ஜ்களை விலக்கி ஓராண்டுக்கு ஓட்டி, பாட் பெயர்களைக் கழித்தால் மனிதர்கள் எத்தனை பேர் என்று தெரியும். ஒருவர்தான் என்றால் பயப்பட வேண்டாம், குறித்துக்கொள்ளுங்கள். அடுத்து, மூடிய இஷ்யூக்களில் கடைசிப் பத்தைத் திறந்து, எழுதும் உரிமை உள்ளவர் முதல் பதிலை எப்போது சொன்னார் என்று பாருங்கள். மெயின் கிளையில் உள்ள திருத்தம் வெளியீட்டுக்கு வந்ததா என்றும் பாருங்கள். திருத்தம் ஈராண்டாக மெயினிலேயே கிடக்க, பைபிஐயில் பழையதே இருப்பது மிகச் சாதாரணமாக நடக்கும். பைத்தான் புதிய பதிப்பு ஒவ்வோர் அக்டோபரிலும் வருகிறது. போன அக்டோபரில் வந்த பதிப்புக்கு இந்த லைப்ரரி எப்போது பதில் சொன்னது என்பதே நூறு கமிட்டைவிடத் தெளிவான சான்று.

நிறுத்தும்போது

நிறுத்துவதற்கும் ஒரு வரிசை உண்டு, பலர் அதைத் தலைகீழாகச் செய்கிறார்கள். கிட்ஹப்பில் ஆர்க்கைவ் பொத்தானை முதலில் அழுத்தினால் கோடு, இஷ்யூ, விக்கி எல்லாம் படிக்க மட்டும் என்றாகிவிடும். விளக்கம் எழுத மறுபடி திறக்க வேண்டும். ஆகவே முதலில் ரீட்மீயில் ஏன், எப்போதிலிருந்து, பதிலுக்கு எது என்று எழுதுங்கள். திறந்துள்ள இஷ்யூக்களில் ஒரு வரிப் பதில் போடுங்கள். கையில் உள்ள திருத்தங்களோடு கடைசியாக ஒரு வெளியீடு. பிறகு ஜாவாஸ்கிரிப்ட் பேக்கேஜ்களுக்கான என்பிஎம் என்றால் டெப்ரிகேட் கட்டளையால் செய்தி சேர்க்கலாம், நிறுவுகிறவர் திரையில் அது தெரியும். பிஎச்பி என்றால் பேக்கஜிஸ்ட் தளத்தில் ‘அபாண்டன்ட்’ என்று குறித்து மாற்றுப் பேக்கேஜின் பெயரையும் கொடுக்கலாம். இவ்வளவும் முடிந்த பிறகு ஆர்க்கைவ். டொமைன் பெயர் இருந்தால் அதைக் காலாவதியாக விடாதீர்கள். வேறொருவர் வாங்கினால், உங்கள் மின்னஞ்சல் முகவரி வழியாகவே பேக்கேஜ் கணக்கின் கடவுச்சொல்லை மாற்றிவிடலாம்.

வேறொருவரிடம் ஒப்படைப்பதென்றால் இன்னும் நிதானம் தேவை. 2018-இல் ஈவன்ட்-ஸ்ட்ரீம் என்ற என்பிஎம் பேக்கேஜை, ஆர்வத்தோடு கேட்டுவந்த முன்பின் தெரியாத ஒருவரிடம் அதன் ஆசிரியர் கொடுத்துவிட்டார். புதியவர் சேர்த்த ஒரு சிறு சார்பு பேக்கேஜ், கோபே என்ற பிட்காயின் வாலெட்டைக் குறிவைத்தது. அந்த நவம்பரில்தான் வெளியே தெரிந்தது. எக்ஸ்இசட்டும் இதே வழியில்தான் போனது. கமிட் உரிமை வேறு, வெளியிடும் உரிமை வேறு. முதலாவதை முன்னதாகக் கொடுக்கலாம். இரண்டாவதைக் கொடுக்கும் முன், டார்பால் கிட் டேகிலிருந்து (வெளியீட்டுக்காக வரலாற்றில் குறித்த புள்ளியிலிருந்து) தானாக உருவாகும்படி செய்துவிடுங்கள், யாருடைய லேப்டாப்பிலிருந்தும் கையால் ஏற்ற வழியில்லாதபடி. நம்பகமான ஆள் கிடைக்கவில்லையென்றால் யாரிடமும் கொடுக்க வேண்டாம். ‘அன்சப்போர்ட்டட்’ என்று எழுதிப் பூட்டிவிடுங்கள், வேண்டியவர் ஃபோர்க் செய்து (நகலெடுத்து) தன் பெயரில் நடத்தட்டும்.